டானிக் என்று எழுதியது தப்பு

நான் பிழை திருத்துபவன். மற்றவர்கள் எழுதியதில் ஒற்று விட்ட இடத்தையும் 'ள' வரவேண்டிய இடத்தில் 'ல' விழுந்ததையும் சிவப்புப் பேனாவால் சுழித்தே முப்பது வருடம் சம்பாதித்திருக்கிறேன். அப்படிப்பட்ட நானே ஒரு சொல்லைத் தப்பாக எழுதி, அக்காவை அவசரப் பிரிவுவரை கொண்டுபோய் நிறுத்தினேன். அந்தச் சொல் 'டானிக்'.

அக்காவுக்கு 61 வயது, நுரையீரலில் புற்றுநோய். மூன்றாவது சுற்று கீமோவுக்குப் பிறகு பசி நின்றுவிட்டது. தட்டைக் கொண்டுபோனாலே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். "தொண்டைக்குக் கீழே கதவைச் சாத்திட்டாங்க தம்பி" என்பாள். ஐந்து மாதத்தில் 9 கிலோ குறைந்திருந்தாள். வளையல் முழங்கைவரை ஏறி இறங்கியது.

பசிக்கு மருந்து கேட்டுத்தான் டாக்டரிடம் போனோம். அவர் உடனே எழுதித் தரவில்லை. வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். நாக்கில் வெள்ளையாகப் படிந்திருந்தது பூஞ்சைத் தொற்று. வலிக்குக் கொடுத்த மார்ஃபினால் மலச்சிக்கல் வேறு, ஆறு நாளாக. வாந்தி உணர்வு உண்டா, விழுங்கும்போது வலிக்கிறதா, ராத்திரி தூக்கம் வருகிறதா, அழுகை வருகிறதா என்றெல்லாம் கேட்டார். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. இப்போது யோசித்தால் அந்த அரை மணி நேரம்தான் முழு வைத்தியத்திலும் ஒழுங்காக நடந்த பகுதி. வாய்ப்புண்ணையும் மலச்சிக்கலையும் சரிசெய்ததிலேயே கால் பங்கு சாப்பாடு திரும்பி வந்தது. மிச்சத்துக்குத்தான் இரண்டு வாரம் கழித்து மெஜெஸ்ட்ரால் அசிடேட் என்ற திரவ மருந்தை எழுதினார்.

"இது ஹார்மோன் மருந்து சார்" என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. நான் நோட்டில் எழுதியது: 'பசி டானிக், காலை 10 மி.லி.'

மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் தாளை யாரும் படிப்பதில்லை. நான் படித்தேன், தொழில் புத்தி. படித்தும் அதைத் தப்பாகவே புரிந்துகொண்டேன் என்பதுதான் வெட்கம்.

இந்த மருந்து பசிக்காகப் பிறந்தது இல்லை. பெண்களின் உடலில் சுரக்கும் புரோஜெஸ்டிரோனைப் போலச் செயற்கையாகச் செய்த ஒரு பொருள் இது. அமெரிக்காவில் 1971-இல் மாத்திரையாக அனுமதி கிடைத்தது, மார்பகப் புற்றுநோய்க்கும் கருப்பைப் படலப் புற்றுநோய்க்கும். அதைச் சாப்பிட்டவர்களுக்குப் பசியும் எடையும் கூடுவதைக் கவனித்த பிறகு அந்தப் பக்கவிளைவையே வேலையாக்கினார்கள். எய்ட்ஸ் நோயாளிகள் காரணம் தெரியாமல் உருக்குலைந்துகொண்டிருந்த காலம் அது. 1993-இல் அவர்களுக்காகத் திரவ வடிவத்தை அனுமதித்தார்கள். புற்றுநோயில் வரும் பசியின்மைக்கும் டாக்டர்கள் இதை எழுதுகிறார்கள்.

ஒரு மில்லியில் 40 மில்லிகிராம். அக்காவுக்கு 10 மில்லி, அதாவது தினம் 400 மில்லிகிராம். எய்ட்ஸ் நோயாளிகளுக்குத் தொடக்க அளவு 800. இதே மருந்தில் செறிவு கூடிய இன்னொரு வடிவமும் உண்டு, 5 மில்லியிலேயே 625 மில்லிகிராம். அதை எடுத்து அக்காவுக்கு 10 மில்லி ஊற்றியிருந்தால் 400-க்குப் பதில் 1,250 போயிருக்கும். ஒவ்வொரு தடவையும் புதுப் பாட்டில் வாங்கும்போது 'ஒரு மில்லியில் எவ்வளவு' என்ற வரியை லேபிளில் விரல் வைத்துப் படிப்பேன். அதில் மட்டும் நான் தவறவில்லை.

குலுக்குவதையும் சொல்ல வேண்டும். இது கரைசல் இல்லை, தூள் மிதக்கிற திரவம். வைத்தால் அடியில் படியும். குலுக்காமல் ஊற்றினால் முதல் வாரம் தெளிந்த நீரும் கடைசி வாரம் கெட்டி மருந்துமாகப் போகும். அக்கா இதைப் பார்த்துச் சிரிப்பாள். "மெதுவா குலுக்குடா, பாட்டில்ல ஜின் இருக்கிற மாதிரி ஆட்டுறே." அளக்க மருந்தோடு வந்த கோப்பைதான், சமையலறைக் கரண்டி கிடையாது. சாதாரண வடிவத்தைச் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்தால் உடம்பில் நன்றாக ஏறும். மறந்துபோனால் நினைவு வந்ததும் கொடுக்கலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிட வேண்டும், இரண்டு மடங்காக ஊற்றக் கூடாது.

ஒன்பதாவது நாள் அக்கா தட்டை என் பக்கம் நீட்டி, "இன்னும் கொஞ்சம் வை" என்றாள். நான் சமையலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்புறம் எடை. தினமும் காலை தராசில் ஏற்றி, கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்தேன். ஐந்தாவது வாரம் 2.8 கிலோ கூடியிருந்தது. அந்தத் தாளை டாக்டரிடம் பெருமையாக நீட்டினேன். அவர் தாளைப் பார்க்கவில்லை, அக்காவின் முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலை அழுத்திப் பிடித்து எடுத்தார். குழி அப்படியே நின்றது. "இதில் கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் கொழுப்பு. தசை வரலை" என்றார். அந்த மருந்தின் குணமே அது. எடை ஏறும், ஆனால் பெரும்பாலும் தசையாக ஏறாது. நடக்கவும் எழுந்து நிற்கவும் பலம் வேண்டுமென்றால் புரதமும் சின்னச் சின்ன உடற்பயிற்சியும் தனியாகத் தேவை. நாலு பேருக்குக் கொடுத்தால் சுமாராக ஒருவருக்குத்தான் பசி கூடும், பன்னிரண்டு பேரில் ஒருவருக்குத்தான் எடை கூடும் என்று அப்போதுதான் சொன்னார். முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது. சொல்லியிருந்தாலும் நான் நோட்டில் 'டானிக்' என்றுதான் எழுதியிருப்பேன்.

ஆயுள் கூடுவதற்கு இது மருந்து இல்லை என்பதையும் அன்றைக்கே தெளிவாகச் சொன்னார். சாப்பாட்டைப் பார்த்து முகம் சுளிக்காமல் சில வாரம் உட்காரலாம், அவ்வளவுதான் இலக்கு. கொஞ்ச நாள் கொடுத்துப் பார்த்து, பலன் இல்லையென்றால் நிறுத்துவது என்பது திட்டம். எப்போது, எப்படி நிறுத்துவது என்று நான் கேட்கவில்லை.

அவர் மிகவும் பயந்தது ரத்த உறைவுக்கு. புற்றுநோய் இருந்தாலே ரத்தம் உறையும் ஆபத்து கூடுதல், படுத்தே கிடந்தால் இன்னும் கூடுதல், இந்த மருந்து அதற்கு மேல். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச்சதை வலித்து, சூடாகவோ சிவப்பாகவோ இருந்தால் அன்றைக்கே வர வேண்டும். திடீரென்று மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ இருமலில் ரத்தம் வந்தாலோ ஆம்புலன்ஸ். முன்பே ரத்த உறைவு வந்தவர் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இரண்டு காலும் ஒன்றுபோல வீங்குவது பெரும்பாலும் நீர்தான், ஆனாலும் தொலைபேசியில் சொல்லுங்கள் என்றார். சர்க்கரையும் பார்க்கச் சொன்னார், ஏனென்றால் இது இல்லாத சர்க்கரை நோயைக் கொண்டுவரலாம், இருப்பதைக் கூட்டலாம். இன்சுலின் போடுகிறவர்களுக்கு அளவு ஏறலாம். தாகமும் அடிக்கடி சிறுநீரும் வந்தால் வெயில் என்று சொல்லித் தட்டிக்கழிக்கக் கூடாது. ரத்த அழுத்தமும் கூடலாம். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ரத்தப்போக்கு தெரிந்தால் சொல்ல வேண்டும். கூச்சத்தில் பெண்கள் மறைப்பது இதைத்தான் என்று நர்ஸ் தனியாக அக்காவிடம் சொன்னாராம்.

பத்தாவது வாரம் இரண்டு பாதமும் செருப்புக்குள் போகவில்லை. அன்று வெள்ளிக்கிழமை, டாக்டர் ஊரில் இல்லை. நானே முடிவெடுத்தேன். டானிக்தானே, நாலு நாள் கொடுக்காவிட்டால் என்ன ஆகிவிடும்? பாட்டிலை அலமாரியின் மேல் தட்டில் ஏற்றி வைத்தேன். கவலைப்பட்டது சரிதான். டாக்டருக்குப் பதிலாக அங்கே இருந்த யாரையாவது கேட்காமல் விட்டதுதான் தப்பு.

செவ்வாய்க்கிழமை காலை அக்கா கட்டிலிலிருந்து எழுந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தலை சுற்றல், வாந்தி, பேச்சில் சோர்வு. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது ரத்த அழுத்தம் 84/50. பணியில் இருந்த இளம் டாக்டர், "என்னென்ன மருந்து சாப்பிடுறாங்க?" என்றார். நான் ஏழு பெயர்களை மில்லிகிராமோடு ஒப்பித்தேன். "வேற ஏதாவது?" "இல்லை டாக்டர்." பொய் சொல்லவில்லை. என் மனதில் அது மருந்துப் பட்டியலிலேயே இல்லை. டானிக்கை யாராவது மருந்தென்று சொல்வார்களா?

அக்காதான் கண்ணை மூடியபடியே சொன்னாள். "பசிக்கு ஒண்ணு குடுத்துட்டிருந்தான். வெள்ளிக்கிழமையோட நிறுத்திட்டான்."

அந்தப் பெண் டாக்டர் பெயரைக் கேட்டார். சொன்னதும் திரும்பி நர்ஸிடம் இரண்டு வரி பேசினார். கார்டிசால் என்ற ஹார்மோன் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ரத்தம் எடுத்தார்கள். முடிவுக்குக் காத்திருக்காமலே அதற்கு ஈடான ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். மாலையில் அக்கா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து என்னைத் திட்டினாள். அவ்வளவு இனிமையான திட்டு நான் கேட்டதில்லை.

நடந்தது இதுதான். நம் சிறுநீரகங்களின் மேல் தொப்பி மாதிரி அட்ரினல் சுரப்பிகள் உட்கார்ந்திருக்கின்றன. அவை சுரக்கும் கார்டிசால்தான் ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பது, காய்ச்சலையும் காயத்தையும் உடம்பு சமாளிக்க வைப்பது. மெஜெஸ்ட்ரால் பெயருக்குப் புரோஜெஸ்டிரோன் வகை என்றாலும் கார்டிசாலின் வேலையையும் கொஞ்சம் செய்கிறது. வெளியிலிருந்து சரக்கு வருவதைப் பார்த்த மூளை, சுரப்பிக்குக் கட்டளை அனுப்புவதைக் குறைத்துவிடுகிறது. வாரக்கணக்கில் சும்மா இருந்த சுரப்பி தூங்கிவிடுகிறது. வெளிச்சரக்கைத் திடீரென்று நிறுத்தினால் உள்ளே சுரக்க ஆள் இல்லை. சில பேருக்கு மருந்து நடக்கும்போதேகூட இந்தக் குறை வரலாம். அதனால் அறுவை சிகிச்சையோ கடுமையான தொற்றோ வந்தால், இந்த மருந்து எடுக்கிறார் அல்லது அண்மையில் நிறுத்தினார் என்று அங்கிருக்கும் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். இவ்வளவும் அந்த எட்டு மடிப்புத் தாளில் இருந்தது. எச்சரிக்கைப் பகுதியில் நான் பென்சிலால் ஒரு காற்புள்ளியைக்கூடத் திருத்தியிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு பேர் அந்த 'டானிக்' பெயரைக் கேட்டார்கள். அக்கா கன்னம் உப்பியதைப் பார்த்த பக்கத்து வீட்டு அம்மா, கல்யாண வயதில் இருக்கும் தன் மகள் ஒல்லியாக இருக்கிறாள் என்றார். பெயரைச் சொல்லவில்லை. சும்மா ஒல்லியாக இருப்பவர்களுக்கான மருந்து இல்லை இது, கர்ப்பத்தில் இருக்கும் குழந்தைக்குக் கேடு செய்யலாம், கருத்தரிக்கக்கூடிய வயதில் டாக்டர் கொடுத்தால்கூடக் கருத்தடையோடுதான் என்று விளக்கினேன். அவர் முகம் மாறியது. நான் கஞ்சத்தனம் செய்வதாக நினைத்திருப்பார்.

அடுத்தது சித்தப்பா. 79 வயது, இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் இருக்கிறார். அவருடைய மகன் கேட்டான். வயதானவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளென்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, பியர்ஸ் பட்டியல் என்பார்கள். 65 வயதுக்கு மேல் மெஜெஸ்ட்ராலைத் தவிர்க்கச் சொல்கிறது. எடைக்கு உதவுவது மிகக் குறைவு, ரத்த உறைவு ஆபத்து கூடுதல், உயிருக்கே ஆபத்தாகலாம். படுக்கையில் இருப்பவருக்கு நான் எப்படிப் பெயர் சொல்வேன்? "பல் செட் சரியா பொருந்துதா பாரு" என்று மட்டும் சொன்னேன். மறுநாள் கூப்பிட்டான். இளைத்ததில் பல் செட் தளர்ந்து ஈறு முழுக்கப் புண்ணாம். அப்பா சொல்லவே இல்லையாம்.

அக்காவுக்கு மெஜெஸ்ட்ராலைத் திரும்பத் தொடங்கவில்லை. ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை கொடுத்து, காலையில் ரத்தத்தில் கார்டிசால் பார்த்துப் பார்த்து, வாரக்கணக்கில் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். கால் வீக்கம் வடிந்துவிட்டது, எடையும் அதோடு 2 கிலோ இறங்கியது. கட்டம் போட்ட தாளை நான் நிறுத்திவிட்டேன். சின்னத் தட்டில், ஒரு நாளைக்கு ஆறு தடவை, அவளுக்குத் தோன்றும்போது சாப்பிடுகிறாள். சில நாள் மூன்று தடவையோடு சரி.

அவள் பர்ஸில் ஆஸ்பத்திரி கொடுத்த அட்டை ஒன்று இருக்கிறது. அட்ரினல் குறைபாடு, அவசரத்தில் ஸ்டீராய்டு ஊசி தேவை என்று எழுதியது. அதில் 'தேவை'க்கு ஒற்றைக்கொம்பு போட்டு 'தெவை' என்று அச்சாகியிருக்கிறது. "திருத்திக் குடுடா" என்று அக்கா இரண்டு தடவை நீட்டிவிட்டாள். நான் அந்த அட்டையில் பேனா வைப்பதாக இல்லை.