பல்லும் சொல்லும்

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், எல்க் என்ற பெரிய மானை வேட்டையாடும் பருவம் அக்டோபர் கடைசியில் தொடங்கி ஐந்து வாரம் நடக்கும். ஒரு வருடம் அந்த ஐந்து வாரமும், யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்கு வடக்கே நெடுஞ்சாலையோரச் சாவடியில் தற்காலிக வேலை பார்த்தேன். மலையிலிருந்து இறங்கும் பிக்கப் வண்டிகளை நிறுத்தி என்ன கிடைத்தது என்று எழுதிக்கொள்ள வேண்டும். எல்க் இருந்தால் கீழ்த்தாடை முன்பல்லைக் குறட்டால் பிடுங்கி உறையில் போட வேண்டும். ஆய்வகத்தில் அதன் வேரை மெல்லிய சீவலாக வெட்டினால், மரத்தில் போலவே ஆண்டு வளையம் தெரியும். எண்ணினால் வயது. விறைத்த தாடை லேசில் திறக்காது. கையுறை போட்டால் பிடி வழுக்கும், கழற்றினால் விரல் மரத்துப்போகும். முதல் வாரத்திலேயே இரண்டு பல்லை உடைத்தேன்.

பெரும்பாலான வண்டிகள் வெறுமனேதான் வந்தன. ஏன் கிடைக்கவில்லை என்று கேட்கப் படிவத்தில் கட்டம் இல்லை. கேட்காமலே சொல்வார்கள்: ஓநாய்.

வாரம் தவறாமல் வரும் பெரியவர் ஒருவர், ஒரு காலத்தில் எதிர்ச்சரிவு முழுக்க எல்க் நின்றது என்பார். பொய்யில்லை. கனடாவிலிருந்து கொண்டுவந்த 31 ஓநாய்களை 1995, 96-ல் பூங்காவில் விட்டார்கள். அதற்குச் சற்று முன் பூங்காவின் வடக்கு மந்தையில் சுமார் 19,000 எல்க். 2013-ல் 4,000-க்கும் கீழே. மாநிலம் முழுக்கப் பார்த்தால் எல்க்குக்குப் பஞ்சமில்லை என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். பக்கத்து ஊரில் நல்ல மழை என்று பயிர் வாடியவனிடம் சொல்வதா? நான் சொல்லவில்லை.

பல் கணக்கை மட்டும் ஒருநாள் சொன்னேன். ஓநாய் அடித்த வளர்ந்த பெட்டைகளின் சராசரி வயது 14-ஐ ஒட்டி இருந்தது. குளிர்கால வேட்டையில் துப்பாக்கிக்கு விழுந்தவைக்கு ஆறு சொச்சம், ஆண்டுதோறும் கன்று ஈனும் வயது. அந்தப் பெட்டை வேட்டைக்கு 2000 வாக்கில் வருடத்துக்கு 2,000-க்கும் மேல் அனுமதிச் சீட்டு கொடுத்தார்கள். 2006-ல் அது 100 ஆகச் சுருங்கி, அப்புறம் நின்றே போனது. கன்றுகளை ஓநாய் மட்டுமா தின்றது, கரடியும் பூமாவும் தின்றன. 1996-97 குளிர்காலம் வேறு கொடுமையானது.

அவர் முழுக்கக் கேட்டார். "சரி, பல் கணக்கு உன்னுடையது. 300 ஓநாய், குட்டி போடும் 30 ஜோடி, மூன்று வருடம் நிலைத்தால் போதும், பாதுகாப்பை விலக்கிவிடுவோம் என்றார்களே, அது யார் கணக்கு?"

அந்த இலக்கு 2002-லேயே எட்டியாயிற்று. அழியும் நிலை உயிரினங்களின் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து ஓநாயை எடுத்த 2008, 2009 ஆணைகள் இரண்டையும் நீதிமன்றம் திருப்பியது. 2011-ல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு நிதி மசோதாவில் பிரிவு ஒன்றைச் செருகித்தான் மொன்டானாவிலும் ஐடஹோவிலும் அது நிலைத்தது. வழக்குப் போட்டவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. எண்ணிக்கை மட்டும் போதாது, வெவ்வேறு பகுதி ஓநாய்களுக்கிடையே ரத்தக் கலப்பும் வேண்டும் என்றார்கள். ஆனால் ஒன்பது வருடம் காத்திருந்தவரிடம் அதை எந்த முகத்தோடு சொல்வது? குறைந்த எல்க்கைவிட, தவறிய சொல்தான் அவரை அறுத்துக்கொண்டிருந்தது.

கடைசி ஞாயிறு அவர் வண்டியில் ஒரு பெட்டை கிடந்தது. தாடையை அவரே திறந்து பிடித்துக்கொண்டார். பல் உடையாமல் வந்தது.

"என்ன வயசு?"

ஆய்வக முடிவு வரச் சில மாதம் ஆகும் என்றேன். கடைவாய்ப் பல்லின் தேய்மானத்தைப் பார்த்து, "ஆறு இருக்கும்" என்று சொன்னேன்.

"இருக்கும்" என்று வண்டியைக் கிளப்பினார்.