மூன்று வாரத்துக்குள் ஒரு யூரின் டெஸ்ட்

தங்கை மகனுக்குப் பிறந்த இரண்டாவது வாரமே வயிறு உப்பிக்கொண்டது, தொப்புளைச் சுற்றி நரம்பெல்லாம் பச்சையாகத் தெரிந்தது. மாந்தம் என்று சொல்லி வசம்பைச் சுட்டுத் தடவினார்கள் வீட்டுப் பெரியவர்கள். அப்புறம் பச்சை வாந்தி, டயப்பரில் ரத்தம். கைக்குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தால் குடல் அடைப்பாக இருக்கலாம், விடியட்டும் என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. நல்லவேளை, ராத்திரியே கிளம்பிவிட்டார்கள்.

முதலில் என்.இ.சி. என்று சந்தேகப்பட்டார்கள். குடல் திசு அழுகிப்போகிற நோய், பெரும்பாலும் குறைமாதக் குழந்தைகளுக்கு வருவது. இவனோ நிறைமாதம். பாலை நிறுத்தி ஆன்டிபயாடிக் போட்டும் கேட்கவில்லை, பெருங்குடல் ஓரிடத்தில் சுருங்கி அடைத்துக்கொண்டதால் கடைசியில் ஆபரேஷன். வெட்டியெடுத்த துண்டின் பயாப்ஸியில்தான் சைட்டோமெகலோ வைரஸ் என்று தெரிந்தது. வீங்கிய செல்லின் நடுவே கருநீல உருண்டை, சுற்றி வெளிறிய வளையம். ஆந்தைக் கண் என்றே இதற்குப் பெயர், ரிப்போர்ட்டில் இருந்த படத்தைப் பார்த்தால் அப்படித்தான் முறைக்கிறது. குடலின் குட்டி ரத்தக்குழாய்களில் இந்த வைரஸ் புகுந்து ரத்த ஓட்டத்தைக் கெடுக்கிறது, புண்ணான இடம் ஆறும்போது தழும்பாகிச் சுருங்கிவிடுகிறது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பிறந்து 21 நாளைக்குள் யூரினிலோ எச்சிலிலோ வைரஸ் தெரிந்தால் கருவிலேயே தொற்றியது என்று சொல்லலாம். அதற்குப் பிறகு எடுத்தால் தாய்ப்பால் வழியாக வந்ததா, முன்பே இருந்ததா என்று பிரிப்பது கஷ்டம். இவனுக்கு ஒரு ஜூனியர் டாக்டர் கெடு முடிவதற்குள் யூரினை பி.சி.ஆருக்கு அனுப்பியிருந்தார், அவருக்குக் கோயில் கட்டலாம். வயிற்றுக் கோளாறோடு பச்சைக் குழந்தை அட்மிட் ஆகி, காரணம் பிடிபடவில்லை என்றால் இந்த டெஸ்ட்டைக் கேட்டு வாங்குங்கள்.

பப்பாளி தின்றாயா, கிரகணத்தில் வெளியே போனாயா என்று தங்கையை ஆளாளுக்குக் குடைந்ததுதான் எனக்கு ஆறவில்லை. இந்தியாவில் பெரும்பாலான பெண்களுக்குச் சின்ன வயதிலேயே இந்தத் தொற்று வந்து உடம்பில் தங்கிவிடுகிறது, கர்ப்பத்தில் மறுபடி தலைதூக்கலாம், வேறு ரகம் புதிதாகவும் தொற்றலாம். சிறு பிள்ளைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும் நிறைய இருக்கும், மூத்த பிள்ளை கடித்து வைத்த பிஸ்கட்டைத் தின்னாத அம்மா யார்? தடுப்பூசியும் கிடையாது.

இப்போது வைரஸை அடக்கும் வால்கான்சிக்ளோவிர் சிரப், 6 மாதம் கொடுக்க வேண்டும். வெள்ளை அணுக்கள் குறையும் என்பதால் அடிக்கடி ரத்தம் எடுக்கிறார்கள். இந்த வைரஸால் காது பிற்காலத்திலும் மந்தமாகலாம், அதனால் கேட்கும் திறனை விடாமல் பரிசோதிக்க வேண்டும். அடுத்த காது டெஸ்ட் ஆடியில் வருகிறது, ஆவணிக்குத் தள்ளிப்போடச் சொல்லி மாமியார் ஆரம்பித்திருக்கிறார், தங்கை கேட்பதாக இல்லை.