சித்தப்பாவின் மெடல்

மே 23

சித்தி வீட்டு அலமாரியைத் துடைக்கும்போது சித்தப்பாவின் மெடலை இன்று ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தேன். ரிப்பனில் தொங்குகிற தகடு இல்லை இது. முட்டை வடிவத்தில் கைக்குள் அடங்குகிற தெளிந்த கண்ணாடி, பார்ப்பதைவிடக் கனம். ஐ.நா. சின்னம், ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஒரு வரி, அவர் பெயர், இறந்த தேதி. நேராகப் பிடித்தால் எழுத்து தெரியாது, கொஞ்சம் சாய்த்தால்தான் பெயர் எழும்பி வரும்.

டாக் ஹாமர்ஷோல்ட் பதக்கம். ஐ.நா. அமைதிப்படையில் பணியாற்றும்போது உயிர்விட்டவர்களுக்காக 1997-ல் பாதுகாப்பு கவுன்சில் ஏற்படுத்தியது. 1948 முதல் இதுவரை 4,400-க்கும் மேற்பட்டவர்கள் இறந்திருக்கிறார்கள். அந்த வருடம் மே 29-ல்தான் முதல் பணிக்கு வித்திடப்பட்டது, அதனால்தான் அமைதிப்படையினர் தினம் அன்றைக்கு. அது வரைக்கும் இப்படிப்பட்ட நினைவுச்சின்னங்களைத் தேடிப் படித்து எழுதி வைக்கப்போகிறேன்.

மே 25

ருவாண்டா தலைநகர் கிகாலியில் உள்ள நினைவிடத்தைப் பற்றிப் படித்ததிலிருந்து வேறு எதுவும் ஓடவில்லை. 1994 ஏப்ரல் 7, ருவாண்டா பிரதமர் அகதே உவிலிங்கியிமானாவின் பாதுகாப்புக்குப் போன ஐ.நா. அமைதிப்படையின் 10 பெல்ஜிய வீரர்களை ஆயுதத்தைக் கீழே போடவைத்து, ராணுவ முகாமுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். பிரதமரும் அன்றைக்கே கொல்லப்பட்டார். அந்தக் கட்டடச் சுவரில் குண்டு துளைத்த ஓட்டைகளை இன்னும் பூசவில்லை. வெளியே ஆளுக்கு ஒன்றாக 10 கல் தூண்கள், ஒவ்வொரு தூணிலும் வெட்டுக்கோடுகள். இறந்தவருக்கு எத்தனை வயதோ அத்தனை கோடு.

எந்த உரையும் இதற்குப் பக்கத்தில் நிற்காது. எண்ண ஆரம்பித்தால் சீக்கிரமே கோடு தீர்ந்துவிடும், அவ்வளவு சின்ன வயது.

மே 26

கனடா தலைநகர் ஒட்டாவாவில் 1992-ல் திறந்த அமைதிப்படை நினைவுச்சின்னத்தின் படங்கள் பார்த்தேன். மூன்று வீரர்கள் நிற்கிறார்கள், ஒருவர் பெண். கம்பீரம்தான். ஆனால் அந்த மூவரும் யாரோ ஒருவர் இல்லை, பொதுவான வீரர்கள், எனக்கு அதில் மனசு ஒட்டவில்லை. அதே கனடா, 1974 ஆகஸ்ட் 9-ல் சிரியாவுக்கு மேலே ஐ.நா. விமானம் ஏவுகணையால் சுடப்பட்டு 9 பேர் இறந்த நாளைத்தான் தங்கள் அமைதிப்படையினர் தினமாக வைத்திருக்கிறது. அது சரியாகப் பட்டது.

மே 28

இன்று ஒருவர் வந்திருந்தார், மெடலைப் பார்த்துவிட்டு வழக்கமான கேள்வி: "சண்டையிலயா?" சித்தி "இல்லைங்க, ஜீப் கவிழ்ந்து" என்றார். அவர் "ஓ" என்றார். அந்த "ஓ"வை எத்தனை வருடமாகக் கேட்கிறோம்! குரல் ஒரு படி இறங்கும்.

அமைதிப்படையில் தோட்டாவுக்கு இறந்தவர்களைவிட நோயாலும் விபத்தாலும் இறந்தவர்கள்தான் அதிகம். மோசமான ரோட்டில் ரோந்து போவதும், மலேரியா பரவிய இடத்தில் மாதக்கணக்கில் கிடப்பதும்தானே அந்த வேலை. வீட்டில் இருந்திருந்தால் அந்த ஜீப்பில் ஏறியே இருக்க மாட்டார். இந்த மெடலுக்கே பெயர் கொடுத்த ஹாமர்ஷோல்ட், ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்தபோது, 1961 செப்டம்பரில் காங்கோ சமாதானப் பேச்சுக்குப் போகும் வழியில் இன்றைய ஜாம்பியாவில் உள்ள என்டோலா பக்கத்தில் விமானம் விழுந்து இறந்தவர், கூடப் போன 15 பேரும் போனார்கள். விபத்தா, தாக்குதலா என்று பல பத்தாண்டுகளுக்கு அப்புறமும் விசாரித்தார்கள். அவரை நினைத்து நியூயார்க் தலைமையகத்தில் ஓவியர் மார்க் ஷகால் செய்த நீல வண்ணக் கண்ணாடிச் சுவருக்கு முன்னால் நின்று யாரும் "ஓ" என்று சொல்வதில்லை.

அடுத்த தடவை கேட்டால் இதைச் சொல்லப்போகிறேன்.

மே 29

நியூயார்க்கில் வருடா வருடம் மலர்வளையம் வைப்பார்கள், போன வருடம் இறந்தவர்களின் மெடல்களை அந்தந்த நாட்டுத் தூதர்கள் வாங்கிக்கொள்வார்கள். பெட்டிக்குள் இருக்கிற கண்ணாடி அப்புறம் எந்த வீட்டு அலமாரிக்குப் போகும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். சித்தி ஒன்றும் பேசவில்லை.

மே 31

செனகல் நாட்டு கேப்டன் எம்பாயே டியாங் 1994-ல் இதே நாளில் கிகாலியில் பீரங்கிக் குண்டுச் சிதறல் பட்டு இறந்தார். ஆயுதமில்லாத ஐ.நா. கண்காணிப்பாளர், இனப்படுகொலை நடந்தபோது தன் வண்டியிலேயே ஆட்களை ஏற்றிச் சோதனைச்சாவடிகளைத் தாண்டிக் கொண்டுபோய்க் காப்பாற்றியவர். 2014-ல் அவர் பெயரிலும் ஐ.நா. ஒரு வீரப் பதக்கம் வைத்தது. ஊர் திரும்ப 12 நாள்தான் பாக்கி இருந்தது.

சித்தியிடம் இதைச் சொன்னேன். "உங்க சித்தப்பாவுக்கு ஒன்பது நாள்டா" என்றார். எனக்கு இதுவரை தெரியாது.

யூனிட் வைத்த நினைவுக் கல்லில் பெயர், ரேங்க், வருடம் மட்டும்தான் இருக்கிறது. கிகாலி தூண்களின் படத்தைக் காட்டியதும் சித்தி போனை வாங்கி விரலால் பெரிதாக்கி ஒரு தூணில் கோடுகளை எண்ணினார், பாதியில் நிறுத்திவிட்டு, "36-ன்னு நம்ம கல்லுலயும் போடச் சொல்லி எழுதிக் கேக்கலாமா?" என்றார். எழுதிவிட்டேன், காலையில் தபாலில் சேர்க்க வேண்டும்.