கப்பி, குளிசை, அனெக்ஸ்

ஒக்டோபர் 4
சிவப்பு நூல். பெரிய பெட்டைக் கப்பி மீனின் மலவாசலில் மூன்று நுனி வெளியே நிற்கிறது. அது நீந்தினால் நுனிகள் உள்ளே போய்விடும், ஓரிடத்தில் நின்றால் மெல்ல எட்டிப் பார்க்கும். டோர்ச் அடித்துப் பார்த்தேன். மலம் என்றால் இழுபட்டுத் தொங்கும், இது விறைத்து நிற்கிறது. கமலானஸ் புழுதான்.

ஒக்டோபர் 5
மீன் கடைக்காரர் "உப்புப் போடுங்கோ தங்கச்சி, எல்லாம் சரிவரும்" என்கிறார். வெள்ளைப் புள்ளிக்கு உப்பு, சரி. குடலைக் கவ்விப் பிடித்து இரத்தம் குடிக்கிற புழுவை உப்பு என்ன செய்யும்? அவருடைய தொட்டியிலும் வயிறு ஒட்டின கப்பிகள் நிற்கின்றன. யாரோ வாங்கிக்கொண்டுதான் போகிறார்கள்.

ஒக்டோபர் 6
தம்பி போன் எடுக்கவில்லை.

ஒக்டோபர் 8
நித்திரை இல்லை. இந்தப் பெண் புழு முட்டை இடாது, உயிரோடு குஞ்சு போடும். அந்தக் குஞ்சுகள் அடியில் நெளிய, அதை சைக்கிளொப்ஸ் என்கிற பொடி நீர்ப்பூச்சி தின்ன, சைக்கிளொப்ஸை மீன் தின்ன, இதுதான் குளத்தில் நடக்கிற ஒழுங்கு. ஆனால் தொட்டியில் சைக்கிளொப்ஸ் இல்லாவிட்டாலும் நேரே மீனுக்குள் போய்விடுமாம், அப்போ ஒன்றில் கண்டால் எல்லாவற்றிலும் இருக்கிறது என்றுதான் வைக்க வேண்டும், வலை, டியூப், வாளி எல்லாம் வேறாக வைக்க வேண்டும். மேல்வீட்டுச் சின்னவன் ஜாம் போத்தலோடு வந்து நின்றான். இப்ப தரேலாது கண்ணா என்றேன். தாய்க்குக் கோபம். மீனில் என்ன கஞ்சத்தனம் என்று படியில் கேட்கிற மாதிரியே சொன்னா.

ஒக்டோபர் 9
வீட்டுக்காரர் வாய் திறந்தார். மாத முடிவுக்குள் நான் வாடகைக்கு இருக்கிற இந்த அனெக்ஸை விட வேண்டுமாம்.

ஒக்டோபர் 10
லெவமிசோல் என்கிற புழுக் குளிசை கிடைத்தது, மிருக மருந்து விற்கிற பாமசியில்.
"எத்தனை ஆடு?"
"கப்பி."
எனக்குப் பின்னால் நின்றவருக்கு முதலில் மருந்து கொடுத்தார்.

ஒக்டோபர் 11
லிட்டருக்கு 2 மில்லிகிராம், 60 லிட்டருக்கு 120. வெளிச்சம் பட்டால் மருந்து கெட்டுவிடும், பெட்ஷீட்டால் தொட்டியை மூடிவிட்டேன். எயார் பம்ப் மட்டும் ஓடுகிறது. நாளைக்கு இதே நேரம் வரைக்கும்.

ஒக்டோபர் 12
விழுந்திருக்கிறது! வெள்ளை மணலில் ஒரு சென்ரிமீற்றர் சிவப்புத் துண்டுகள், ஒன்றிரண்டு இன்னும் லேசாக வளைகின்றன. மருந்து புழுவை முடக்குகிறது அவ்வளவுதான், பிடி விட்டுப்போய் மலத்தோடு வெளியே வருகிறது. மீன் கொத்துமுன் உறிஞ்சி எடுக்க வேண்டும். முழங்கால் இரண்டும் போய்விட்டது, மணலைக் கிண்டிக் கிண்டி முக்கால்வாசித் தண்ணியை எடுத்துவிட்டு, குளோரின் போக மருந்து விட்ட பைப் தண்ணியை நிரப்பினேன்.
பெரிய பெட்டை செத்துப்போச்சு. முதுகு வளைந்திருந்தது.

ஒக்டோபர் 15
தெஹிவளையில் ஒரு மேல்மாடி. வாடகை பரவாயில்லை. பிராணிகள் கூடாதாம். மீனும் பிராணிதான் என்கிறார் மனுசன்.

ஒக்டோபர் 17
தம்பி எடுத்தான். "அக்கா, கப்பி எப்படி?" வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தன் தொட்டியாம். வந்து பார் அப்போ, என்று கத்திவிட்டு வைத்தேன்.

ஒக்டோபர் 21
பின்னேரம் இடி, கறண்ட் போச்சு, எயார் பம்ப் நின்றுவிட்டது. மீனுக்குக் காற்றுக் கிடைக்க, தொட்டித் தண்ணியை மக்கால் அள்ளி அள்ளி ஊற்றினேன்.

ஒக்டோபர் 22
இரண்டாம் தரம் போட்டே ஆக வேண்டும். முதல் தரத்துக்குத் தப்பின குஞ்சுப் புழுக்கள் இரண்டு மூன்று கிழமையில் வளர்ந்து நிற்கும். சாமான் ஏற்றமுதலா பிறகா? பிறகென்றால் எங்கே வைத்து? ஆரிடமாவது கொடுத்துவிடு என்கிறாள் ஒபீஸ் சிநேகிதி. புழுவோடு கொடுப்பதா? கடைக்காரர் செய்கிற வேலை அது.

ஒக்டோபர் 27
போட்டாச்சு. பெட்ஷீட் பெட்டிக்குள் போய்விட்டதால் காட்போட் மட்டையால் மூடினேன். சின்னவன் போத்தலோடு வந்து மட்டைக்குள் கண்ணை விட்டான், விரட்டினேன், பிறகு கூப்பிட்டு பிஸ்கட் கொடுத்தேன்.

ஒக்டோபர் 28
மணலில் ஒன்றும் இல்லை. டோர்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தெஹிவளைக்காரர் போன் எடுக்கிறார் இல்லை, லொறிக்கு முற்பணம் கொடுத்தாச்சு