வைவாவில் என்னைக் கவிழ்த்த ‘பொருளாதாரத் தடை’

முதுகலை அரசியல் அறிவியல் கடைசி செமஸ்டரில் நான் சமர்ப்பித்த ஆய்வேட்டின் தலைப்பு ‘ஜிம்பாப்வே மீதான ஐரோப்பியப் பொருளாதாரத் தடைகளும் மனித உரிமையும்’. தமிழில் எழுதியது. 82 பக்கம், கறுப்பு ரெக்சின் அட்டை, தங்க எழுத்து. வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் உள்ளே புரட்டக்கூட இல்லை. அட்டையைப் பார்த்துவிட்டே கேட்டார்.

“பொருளாதாரத் தடைன்னு போட்டிருக்கியேம்மா, எந்தப் பொருளுக்குத் தடை?”

“சார்?”

“புகையிலையா, சர்க்கரையா? ஐரோப்பாக்காரன் எதை வாங்க மாட்டேன்னு சொன்னான்?”

நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆறு மாதம் படித்த தலைப்பு. ஜிம்பாப்வே அதிபராக இருந்த முகாபே எந்த மேடையில் என்ன பேசினார் என்று கேட்டிருந்தால் கடகடவென்று ஒப்பித்திருப்பேன். இதற்குப் பதில் தெரியவில்லை. என் வழிகாட்டி மேடம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், “திருத்தி எழுதிக் கொண்டு வாம்மா, பதினைந்து நாள் டைம்” என்று அனுப்பிவிட்டார்கள்.

இப்போது ஜூனியர்கள் சிலர் இதே வகைத் தலைப்பு எடுத்திருக்கிறார்கள். ஒருத்தி உகாண்டா, ஒருவன் புருண்டி. எங்கே ஆரம்பிப்பது என்று கேட்கிறார்கள். அந்தப் பதினைந்து நாளில் நான் கற்றதைத்தான் எழுதுகிறேன். முந்தைய ஆறு மாதத்தில் கற்றது பெரிதாக ஒன்றுமில்லை.

முதல் வேலை, மூல ஆவணத்தைப் படிப்பது. மேடம் முதல் நாளிலேயே சொன்னார். நான்தான் கட்டுரைகளே போதும் என்று இருந்துவிட்டேன். 2002 பிப்ரவரி 18 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் அமைச்சர்கள் அவை ஜிம்பாப்வே பற்றி ஒரே நாளில் மூன்று ஆவணங்கள் வெளியிட்டது. மூன்றுமே அவர்களின் சட்டத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, நீளமும் அதிகமில்லை. முதலாவது, பொது நிலைப்பாடு 2002/145. முகாபே உட்பட 20 பேருக்குப் பயணத் தடை, அவர்களுடைய சொத்து முடக்கம், அப்புறம் ஆயுதங்களும் உள்நாட்டு ஒடுக்குமுறைக்குப் பயன்படக்கூடிய கருவிகளும் விற்கத் தடை. இரண்டாவது, அதைச் செயல்படுத்துவதற்கான ஒழுங்குமுறை 310/2002. மூன்றாவது, முடிவு 2002/148. விஷயமே இதில்தான் இருக்கிறது. கோட்டோனூ ஒப்பந்தத்தின் (அது என்ன என்று கீழே சொல்கிறேன்) 96-ஆம் பிரிவின்படி நடந்த பேச்சு முடிந்துவிட்டதாக அறிவித்து, அரசின் பட்ஜெட்டுக்கு நேராகப் போகும் உதவியை இது நிறுத்துகிறது. ஆனால் மக்களுக்கு நேரடியாகப் போய்ச் சேரும் திட்டங்களுக்கு, முக்கியமாகச் சமூகத் துறைகளுக்கு, பணம் தொடரும் என்கிறது.

மூன்றையும் படித்துவிட்டுத் தேர்வாளரின் கேள்விக்குத் திரும்பினேன். எந்தப் பொருளுக்குத் தடை? ஆயுதத்தையும் அந்த ஒடுக்குமுறைக் கருவிகளையும் விட்டால் எதற்குமே இல்லை. சர்க்கரையும் புகையிலையும் பாட்டுக்கு ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்தன. முகாபேயின் பெயர் பட்டியலில் இருக்கும்போதே, 2009-இல், அவருடைய அரசு ஐரோப்பிய ஒன்றியத்தோடு ஓர் இடைக்கால வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. 2012 மே மாதம் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. என் 82 பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

தப்பு எங்கே என்று யோசித்தேன். தமிழ்ச் செய்தி படித்து வளர்ந்த பழக்கம்தான். ஒரு நாட்டின் எண்ணெயை யாருமே வாங்கக் கூடாது என்றாலும் நம் பத்திரிகைகளில் அது பொருளாதாரத் தடை. ஓர் அமைச்சருக்கு விசா இல்லை என்றாலும் பொருளாதாரத் தடை. செய்தி படிக்க இது போதும், ஆய்வேடு எழுதப் போதாது. அந்த ஒரு சொல்லை உடைத்தால் பயணத் தடை, சொத்து முடக்கம், ஆயுத விற்பனைத் தடை, நிதியுதவி நிறுத்தம், வர்த்தகச் சலுகை நீக்கம் என்று ஐந்து வகையாவது வரும். ஜிம்பாப்வே விஷயத்தில் முதல் நான்கு நடந்தன, ஐந்தாவது நடக்கவில்லை. உங்கள் நாட்டுக்கு எது நடந்தது என்று முதல் நாளே எழுதி மேசைக்கு மேலே ஒட்டிக்கொள்ளுங்கள்.

இந்தச் சொல்லுக்குப் பக்கச்சார்பும் உண்டு. ஜிம்பாப்வே அரசு எப்போதும் ‘சட்டவிரோதப் பொருளாதாரத் தடை’ என்றுதான் பேசும். ஆப்பிரிக்காவின் தெற்குப் பகுதி நாடுகளின் அமைப்பும் 2019 முதல் அக்டோபர் 25-ஐத் தடை எதிர்ப்பு நாளாக அனுசரிக்கிறது. ஐரோப்பியர்களோ ‘பொருத்தமான நடவடிக்கை’, ‘கட்டுப்பாட்டு நடவடிக்கை’ என்று வலிக்காமல் ஊசி போடுகிற மாதிரி சொல்வார்கள். நான் ஒரு தரப்பின் சொல்லை, அது யார் சொல் என்றே தெரியாமல், அட்டையில் தங்க எழுத்தில் அடித்திருந்தேன்.

சரி, கோட்டோனூ. 2000 ஜூன் 23 அன்று பெனின் நாட்டின் கோட்டோனூ நகரில் கையெழுத்தானது. ஆப்பிரிக்க, கரீபிய, பசிபிக் நாடுகளுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இடையிலான ஒப்பந்தம், 2023 முடியும் வரை நடைமுறையில் இருந்தது. 9-ஆம் பிரிவு மனித உரிமை, ஜனநாயகம், சட்டத்தின் ஆட்சி மூன்றையும் ஒப்பந்தத்தின் அடிப்படைக் கூறுகள் என்றது. இவற்றை ஒரு தரப்பு மீறினால் என்ன செய்வது என்று சொன்னது 96-ஆம் பிரிவு. எடுத்த எடுப்பில் தண்டனை இல்லை. முதலில் உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது, பேச்சு பலிக்காவிட்டால்தான் நடவடிக்கை. புருண்டிக்காரனுக்கு: 2016 மார்ச்சில் உன் நாட்டின் மீதும் இதே 96-தான் வந்தது, இதே வழியில் அரசுக்கான நேரடி நிதியுதவி நின்றது. உகாண்டாக்காரிக்கு: உன் கதை வேறு. 2014-இல் ஓரினச் சேர்க்கைக்கு எதிரான சட்டம் வந்தபோது சில ஐரோப்பிய நாடுகள் தனித்தனியாக உதவியை நிறுத்தின, அல்லது வேறு பக்கம் திருப்பின. அதை ‘ஐரோப்பிய ஒன்றியம் நிறுத்தியது’ என்று எழுதிவிடாதே. அதில் நார்வேயும் உண்டு, அது ஒன்றியத்திலேயே இல்லை.

ஜிம்பாப்வேயில் பேச்சு எப்படி முறிந்தது என்பதைச் சொன்னால் 96 மனதில் நிற்கும். 2002 மார்ச்சில் அதிபர் தேர்தல். ஐரோப்பா பார்வையாளர்களை அனுப்ப விரும்பியது. பிரிட்டன், ஜெர்மனி, நெதர்லாந்து, ஸ்வீடன், டென்மார்க், ஃபின்லாந்து ஆகிய ஆறு நாட்டுக்காரர்கள் மட்டும் வரக் கூடாது என்றது ஹராரே, அதாவது ஜிம்பாப்வே அரசு. பார்வையாளர் குழுவின் தலைவர் பியேர் ஷோரி ஸ்வீடன்காரர். அவர் வந்து இறங்கினார். பிப்ரவரி 16 அன்று நாட்டை விட்டு வெளியேறச் சொன்னார்கள். இரண்டு நாள் கழித்து அந்த மூன்று ஆவணங்கள். வைவாவுக்கு முன் நான் 16-ஐயும் 18-ஐயும் குழப்பிக்கொண்டு தடை முதலில், வெளியேற்றம் பிறகு என்று எழுதியிருந்தேன். அப்படி எழுதினால் கதையே தலைகீழாகிவிடும்.

பட்டியலில் இருக்கும் பெயர்களையும் படியுங்கள். நாடாளுமன்றச் சபாநாயகர் என்ற பதவியோடு எம்மர்சன் மனங்காக்வா அந்த 20 பேரில் ஒருவர். 2017 நவம்பரில் முகாபே இறக்கப்பட்டபின் அதிபரானவர் அவர்தான்.

ஜிம்பாப்வேயின் தரப்பைப் படிக்காமல் இந்தத் தலைப்பைத் தொடவே கூடாது. பாதிப் பேர் முகாபேயை வில்லனாக்கிவிட்டுப் போய்விடுவார்கள், நானும் அதைத்தான் செய்திருந்தேன். வேர் நிலத்தில் இருக்கிறது. 1980 ஏப்ரல் 18 அன்று விடுதலை கிடைத்தபோது நல்ல விளைநிலத்தில் பெரும்பங்கு சில ஆயிரம் வெள்ளைப் பண்ணையாளர்களிடம் இருந்தது. விற்க விரும்புகிறவரிடமிருந்துதான் நிலம் வாங்க வேண்டும் என்று விடுதலைக்கு முன் லண்டனில் நடந்த லங்காஸ்டர் ஹவுஸ் பேச்சில் பத்து ஆண்டுக்கு முடிச்சுப் போட்டிருந்தார்கள். வாங்க பிரிட்டன் கொஞ்சம் பணம் தந்தது. 1997 நவம்பரில், டோனி பிளேர் அரசின் அமைச்சர் கிளேர் ஷார்ட், ஜிம்பாப்வேயின் வேளாண் அமைச்சர் கும்பிராய் கங்காய்க்கு ஒரு கடிதம் எழுதினார். நிலம் வாங்கும் செலவுக்குப் பிரிட்டனுக்குத் தனிப் பொறுப்பு இருப்பதாக நாங்கள் ஏற்கவில்லை, எங்கள் அரசு பழைய காலனி நலன்களோடு தொடர்பில்லாத புதிய அரசு, என் பூர்விகமே அயர்லாந்து, நாங்களும் காலனியாக இருந்தவர்கள்தான் என்பது கடிதத்தின் சாரம். அதைப் படித்தபோது எனக்கே சுருக்கென்றது. தாத்தா வாங்கிய கடனுக்கு நான் பொறுப்பில்லை என்கிற பேச்சு எந்த ஊரிலும் எடுபடாது.

அதற்காக முகாபே பக்கம் சாய்ந்துவிடவும் முடியாது. 2000 பிப்ரவரியில் புதிய அரசியல் சாசனத்துக்கு வாக்கெடுப்பு நடத்தித் தோற்றார். சுமார் 55 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அதற்குப் பிறகுதான் பண்ணைகளுக்குள் ஆட்கள் புகுந்தார்கள். ஜூனில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் ஆளுங்கட்சிக்கு 62 இடம், புதிதாகப் பிறந்த எதிர்க்கட்சிக்கு 57. நாற்காலி ஆடிய நேரத்தில்தான் நிலம் பற்றி எரிந்தது. இந்தத் தேதிகளை வரிசையாக எழுதினாலே போதும், உங்கள் கருத்தைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

தேர்வாளர் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி எனக்கு இன்றும் உறுத்துகிறது. 1983 முதல் ஜிம்பாப்வேயின் மட்டபெலேலாந்து பகுதியில், வடகொரியா பயிற்சி கொடுத்த முகாபே அரசின் ஐந்தாம் படைப்பிரிவு ஆயிரக்கணக்கான மக்களைக் கொன்றது. 20,000 பேர் வரை என்ற கணிப்பும் உண்டு. அப்போது ஐரோப்பா என்ன செய்தது? 1984-இல் எடின்பரோ பல்கலைக்கழகம் முகாபேக்குக் கௌரவப் பட்டம் தந்தது. 1994-இல் பிரிட்டிஷ் அரசி கௌரவ வீரப்பட்டம் தந்தார். பட்டத்தை 2007-இலும் வீரப்பட்டத்தை 2008-இலும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். மனித உரிமைதான் காரணம் என்றால் அது ஏன் 1983-இல் காரணமாகவில்லை? இறந்தவர்கள் பெரும்பாலும் இண்டெபெலே இனக் கிராமத்துக்காரர்கள், வெள்ளைப் பண்ணையாளர்கள் அல்ல என்பதுதான் விடையோ என்று எனக்குத் தோன்றுகிறது. பனிப்போரும் தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசும் இன்னொரு காரணம். திருத்திய ஏட்டில் இதற்கு மட்டும் ஒன்பது பக்கம் கொடுத்தேன்.

ஐரோப்பா ஒரே குரலில் பேசியது என்றும் எழுதாதீர்கள். 2003 பிப்ரவரியில் தடையைப் புதுப்பிக்க வேண்டிய அதே வாரத்தில் பாரிஸில் நடந்த மாநாட்டுக்கு பிரான்ஸ் அதிபர் சிராக் முகாபேயை அழைத்திருந்தார். அவர் வந்துபோக மற்றவர்கள் குறுக்கே நிற்கவில்லை, தடையைப் புதுப்பிக்க பிரான்ஸும் குறுக்கே நிற்கவில்லை. அந்த ஆண்டு லிஸ்பனில் நடக்க வேண்டிய ஐரோப்பிய-ஆப்பிரிக்க மாநாடு முகாபே வரலாமா கூடாதா என்ற சண்டையில் தள்ளிப்போனது. 2007 டிசம்பரில் ஒருவழியாக நடந்தபோது முகாபே வந்தார், பிரிட்டிஷ் பிரதமர் கார்டன் பிரவுன் வரவில்லை.

விளைவு பற்றிய கேள்வி கட்டாயம் வரும். தடையால்தான் நாடு நொடித்தது என்பது ஒரு கட்சி, தடைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்பது இன்னொரு கட்சி. தேதி பாருங்கள். முன்னாள் போராளிகளுக்குப் பணம் கொடுக்கப்போய் 1997 நவம்பர் 14 அன்று ஜிம்பாப்வே டாலர் ஒரே நாளில் நொறுங்கியது. 1998-இல் காங்கோ போருக்குப் படை போனது. பன்னாட்டு நாணய நிதியத்துக்குக் (ஐ.எம்.எஃப்) கட்ட வேண்டிய தவணை 2001 பிப்ரவரியிலிருந்தே நிலுவை. இவை எல்லாம் ஐரோப்பியத் தடைக்கு முந்தியவை. அமெரிக்காவின் தனிச் சட்டம் 2001 டிசம்பரில் வந்தது. அதையும் இதையும் கலந்துவிடாதீர்கள், பெரும்பாலான விடைத்தாள்களில் இரண்டும் ஒன்றாகத்தான் குழைந்துகிடக்கும். ஆனால் 20 பேருக்கு மட்டும்தானே வலி என்றும் சொல்ல முடியாது. பெயர் கெட்ட நாட்டோடு கணக்கு வைக்க வெளிநாட்டு வங்கிகள் பயப்படும், அது சாதாரண வியாபாரியையும் தொடும். 2021-இல் நேரில் போய்ப் பார்த்த ஐநா சிறப்பு அறிக்கையாளர் அலேனா டூஹான் தடைகளை நீக்கச் சொன்னார். அவர் வாதத்தையும் கொடுங்கள், தவணைக் கணக்கையும் கொடுங்கள்.

ஒப்பிட ஒரு நாடு வேண்டும் என்றால் இலங்கை பொருந்தும். 2010 ஆகஸ்டில் மனித உரிமை காரணம் காட்டி ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைக்குத் தந்த ஜிஎஸ்பி பிளஸ் என்ற இறக்குமதி வரிச் சலுகையை எடுத்தது, 2017 மே மாதம் திருப்பிக் கொடுத்தது. அங்கே பயணத் தடைப் பட்டியல் இல்லை, ஆடை ஏற்றுமதிக்குத்தான் அடி விழுந்தது. மேலே சொன்ன ஐந்தில் ஐந்தாவது இதுதான்.

சின்ன விஷயம் ஒன்று. பெயர்களை ஒரே மாதிரி எழுதுங்கள். எதிர்க்கட்சித் தலைவரை நான் மூன்று பக்கத்தில் சுவாங்கிராய், நான்கு பக்கத்தில் ட்ஸ்வாங்கிராய் என்று எழுதி, இருவரும் அண்ணன் தம்பியா என்று மேடத்திடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

திருத்தும்போது கோப்பில் ‘பொருளாதாரத் தடை’ என்று தேடிப் பார்த்தேன். 41 இடம். ஒவ்வொன்றாக நிறுத்தி, இங்கே நடந்தது எது என்று கேட்டு மாற்றினேன். ஹராரேயின் பேச்சை மேற்கோள் காட்டிய மூன்று இடத்தில் மட்டும் அப்படியே விட்டேன், அது அவர்கள் சொல். பிறகு அட்டை. பைண்டிங் கடை அண்ணன் பழைய பிரதியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எழுத்துப் பிழை ஒண்ணும் தெரியலையேம்மா, ஒரு வார்த்தைக்காகவா அஞ்சு காப்பியையும் கிழிக்கணும்?” என்றார். ஆமாண்ணே என்றேன். தங்க எழுத்துக்கு மறுபடியும் தனிக் காசு வாங்கிக்கொண்டார்.