சவுத் சர்க்குலர் ரோட்டு மேல ஒரு வீடு

2019 செப்டம்பர்ல லண்டன் வந்தப்போ கேட்ஃபோர்ட்ல வாடகை கம்மியா ஒரு வீடு கிடைச்சுது, கடைக்கு மேல மாடி, ஜன்னலத் தொறந்தா நேரா சவுத் சர்க்குலர் ரோடு. திருச்சி டிராஃபிக்ல வளர்ந்தவளுக்கு இதெல்லாம் ஒரு விஷயமான்னு தோணுச்சு, கண்ணுக்குப் புகையே தெரியல, இந்த ஊர் காத்து சுத்தம்தான்னு நம்பிட்டேன். ரெண்டே வாரத்துல ஜன்னல் விளிம்புல கண்மை மாதிரி கருப்பா படிஞ்சுது, துடைச்சா மறுபடியும் வரும்.

அந்தக் குளிர்லயே பையனுக்கு வீசிங். ராத்திரில நெஞ்சுல விசில் சத்தம், நீலக் கலர் இன்ஹேலர் தலகாணி பக்கத்துலயே. அம்மா போன்ல "குளிர் ஒத்துக்கல கண்ணு, காதுல பஞ்சு வை"ன்னாங்க, நானும் குளிருதான்னே இருந்தேன்.

2020 டிசம்பர்ல நியூஸ் பாத்துட்டு எனக்கு கையே நடுங்கிருச்சு. எல்லா (Ella) கிஸ்ஸி-டெப்ரான்னு ஒரு பொண்ணு, எங்க லூயிஷம் ஏரியாதான், இதே ரோட்டுக்கு 30 மீட்டருக்குள்ள வீடு, 2013-ல 9 வயசுல ஆஸ்துமால போயிட்டா. அவ அம்மா ரோசமண்ட் விடாம போராடி மறு விசாரணை வாங்குனாங்க, சாவுக்கு காத்து மாசும் ஒரு காரணம்னு தீர்ப்பு வந்துச்சு, பிரிட்டன்லயே இதுதான் முதல் தடவை. அன்னைக்கு ராத்திரி பையன் மூச்சு விடுறத பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன்.

இதுல எனக்கு தாங்க முடியாதது, நாங்களே ஒரு பழைய டீசல் கார் வச்சிருந்தோம். மைலேஜ் நல்லா வரும்னு எல்லாரும் சொன்னாங்க. 2001-ல இங்க கார் வரியை கார்பன் டை ஆக்சைடு கணக்குக்கு மாத்துனப்போ அதைக் கம்மியா விடுற டீசலுக்கு வரி கம்மியாச்சு, ஜனங்க அது பக்கம் சாஞ்சுட்டாங்க, ஆனா பழைய டீசல் நைட்ரஜன் டை ஆக்சைடும் நுண்தூளும் பெட்ரோலை விட நெறைய கக்கும். பூமி சூட்டைக் குறைக்கப் போயி குழந்தைங்க நுரையீரல்ல கை வச்ச மாதிரி ஆயிடுச்சு.

2021 அக்டோபர்ல யூலெஸ், அதாவது புகை அதிகம் விடுற பழைய வண்டிங்ககிட்ட காசு வாங்குற லண்டன் மண்டலம், எங்க ரோடு வரைக்கும் வந்துச்சு, பழைய டீசல் உள்ள போனா ஒரு நாளுக்கு 12.50 பவுண்ட். அக்கம்பக்கத்துல நெறைய பேர் திட்டுனாங்க, வேன் ஓட்டிப் பொழைக்கிறவங்க கஷ்டம் உண்மைதான், ஆனாலும் நான் அதுக்கு ஆதரவுதான். காரை வித்துட்டு பஸ்ஸுக்கு மாறிட்டோம்.

இப்ப ரெண்டு தெரு உள்ள தள்ளி இருக்கோம், ஸ்கூலுக்கும் சந்து வழியாவே நடை, மெயின் ரோட்டை விட்டு கொஞ்சம் விலகுனாலே அந்த நைட்ரஜன் டை ஆக்சைடு நல்லாவே குறையும். இன்ஹேலர் இன்னும் பைல இருக்கு, எடுக்கறதுதான் கம்மி.

புதுசா வர்றவங்க ஞாயித்துக்கிழமை போயி வீடு பாக்காதீங்க. ஸ்கூல் நாள் காலைல எட்டரைக்குப் போங்க, ஜன்னலத் தொறந்து பத்து நிமிஷம் நின்னுட்டு அப்புறம் அட்வான்ஸ் குடுங்க.