எனக்குச் சொந்தமில்லாத விண்கலம்

ஓர் ஆங்கில அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடருக்கு நாவல் எழுதினேன் என்று சொன்னால், கேட்பவர்கள் இரண்டே கேள்விகள்தான் கேட்கிறார்கள். எவ்வளவு கொடுத்தார்கள்? சொந்தமாக எப்போது எழுதப்போகிறாய்? முதல் கேள்விக்குப் பிறகு வருகிறேன். இரண்டாவது கேள்வி எரிச்சலூட்டுகிறது. அந்த எரிச்சலில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எந்தத் தொடர், எந்தப் பதிப்பகம் என்று சொல்ல இயலாது. நான் கையெழுத்துப் போட்ட இரகசிய ஒப்பந்தம் இன்னும் காலாவதியாகவில்லை.

ஒளிபரப்பாகும் தொடரின் பாத்திரங்களை வைத்து, உரிமையாளரின் அனுமதியோடு எழுதப்படும் நூலை இங்கே டை-இன் என்கிறார்கள். வந்த எபிசோடையே நாவலாக்குவது ஒரு வகை. அதே ஆட்களை வைத்துப் புதுக் கதை சொல்வது இன்னொரு வகை. நான் எழுதியது இரண்டாவது. தொழிலைக் கற்றுக்கொண்டது முதல் வகையைப் படித்து.

லண்டனுக்கு வந்த புதிதில், பழைய புத்தகக் கடைகளில் பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ என்ற அறிவியல் புனைவுத் தொடரை நாவலாக்கி டார்கெட் நிறுவனம் போட்ட ஒல்லியான புத்தகங்களை அள்ளிக்கொண்டு வருவேன். அவற்றில் பாதிக்கு மேல் டெரன்ஸ் டிக்ஸ் எழுதியவையாக இருக்கும். 1974 வரை அந்தத் தொடரின் திரைக்கதை ஆசிரியராக இருந்தவர். அறுபதுக்கும் மேற்பட்ட கதைகளை டார்கெட்டுக்கு நாவலாக்கியவர். அந்தப் புத்தகங்கள் வரத் தொடங்கியது வீட்டில் வீடியோ இல்லாத காலத்தில். போதாக்குறைக்கு, பிபிசி பழைய ஒளிநாடாக்கள் பலவற்றை அழித்துவிட்டிருந்தது. 1960-களில் ஒளிபரப்பான பல கதைகளைப் பிற்காலப் பிள்ளைகள் அறிந்ததே இந்தப் புத்தகங்களின் வழியாகத்தான். டிக்ஸ் இரண்டு வரியில் ஓர் ஆளை நிறுத்துவார், மூன்றாவது வரியில் அவனை ஓடவிடுவார். பெரும்பாலும் 130 பக்கங்களுக்குள் நான்கு எபிசோடுகள் முடிந்துவிடும். அவருடைய நடை எளிமையானது என்று சொல்லிக் கடந்துபோகிறவர்கள் ஒரு எபிசோடை எடுத்து முப்பது பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும். நான் எழுதிப் பார்த்தேன், பல இரவுகள், யாரும் கேட்காமலே. வசனத்தை அப்படியே நகலெடுத்தால் நாடகப் பிரதி ஆகிறது. நடிகரின் புருவம் சொன்னதைச் சொற்களால் சொல்லப்போனால் வேகம் செத்துப்போகிறது.

அமெரிக்க விண்வெளித் தொடரான ‘ஸ்டார் டிரெக்’ பக்கம் ஜேம்ஸ் பிளிஷ் இருந்தார். அறிவியல் புனைவுக்கான ஹியூகோ விருது வாங்கிய நாவலாசிரியர். அவர்தான் 1967 முதல் அந்தத் தொடரின் திரைக்கதைகளைச் சிறுகதைகளாக மாற்றித் தொகுதி தொகுதியாகக் கொடுத்தார். பிற்காலத்தில் இங்கிலாந்திலேயே குடியேறினார். 1975-இல் அவர் இறந்தபோது மிச்சமிருந்த பன்னிரண்டாவது தொகுதியை முடித்தவர் அவர் மனைவி. விருது வாங்கிய கையும் பிழைப்புக்கு எழுதிய கையும் ஒன்றேதான். சொந்தமாக எப்போது எழுதப்போகிறாய் என்று அவரிடம் யாராவது கேட்டிருப்பார்களா தெரியவில்லை.

உள்ளே நுழைவது எப்படி என்பதுதான் எல்லோருக்கும் தெரிய வேண்டியது. தபாலிலோ மின்னஞ்சலிலோ கதை அனுப்பி நுழைய முடியாது. தாங்கள் கேட்காமல் வரும் கதையை உரிமையாளர்கள் பிரித்தே பார்ப்பதில்லை. காரணம் திமிர் அன்று, வழக்குப் பயம். நீங்கள் அனுப்பிய யோசனையைப் போன்ற ஒன்று தற்செயலாக அடுத்த சீசனில் வந்துவிட்டால், திருடிவிட்டார்கள் என்று நீங்கள் நீதிமன்றம் போகலாம் அல்லவா? ஒரு காலத்தில் கதவு திறந்திருந்தது. ‘டாக்டர் ஹூ’ ஒளிபரப்பு நின்றுபோயிருந்த ஆண்டுகளில், 1991 முதல் விர்ஜின் பதிப்பகம் புதிய நாவல்களை வெளியிட்டது. அதுவரை ஒரு புத்தகமும் போடாதவர்களின் கதைகளையும் வாங்கிப் படித்தது. பால் கார்னெல், மார்க் கேட்டிஸ் போன்றவர்களின் முதல் நாவல்கள் அப்படி வந்தவை. பின்னால் அந்தத் தொடரையே மீட்டெடுத்த ரசல் டி டேவிஸ்கூட 1996-இல் அந்த வரிசையில் ஒரு நாவல் எழுதினார். கார்னெல் 1995-இல் எழுதிய நாவல் 2007-இல் எபிசோடாகவே ஒளிபரப்பானது. அமெரிக்காவில் பாக்கெட் புக்ஸ் ‘ஸ்டார் டிரெக்’ ரசிகர்களுக்குச் சிறுகதைப் போட்டி நடத்தியது. அதில் மூன்று முறை தேறிய டேட்டன் வார்டு பிறகு டிரெக் நாவல்களைத் தொடர்ந்து எழுதுபவர்களில் ஒருவரானார்.

நான் வந்து சேர்ந்தபோது அப்படிப்பட்ட கதவு எதுவும் என் கண்ணில் படவில்லை. சொந்தக் கதைகளைச் சிறுபத்திரிகைகளுக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஈஸ்டர் விடுமுறையில் நடக்கும் ஈஸ்டர்கான் என்ற அறிவியல் புனைவு மாநாட்டில் ஒரு பதிப்பாசிரியர் என் கதை ஒன்றைப் படித்ததாகச் சொல்லி, “உங்களால் சீக்கிரம் எழுத முடியுமா?” என்று கேட்டார். நன்றாக எழுத முடியுமா என்று கேட்கவில்லை. இந்தத் தொழிலில் அதுதான் சரியான கேள்வி என்று பிறகு புரிந்தது. ஆக, இரண்டாவது கேள்வி கேட்கும் நண்பர்கள் கவனிக்கவும்: சொந்தமாக எழுதியதால்தான் இது கிடைத்தது.

முதலில் கேட்டது ஒரு பத்தி அளவில் நான்கு கதை யோசனைகள். மூன்று உடனே விழுந்தன. ஒன்று ஏற்கெனவே வேறொருவர் எழுதிக்கொண்டிருந்தது. ஒன்றில் வரும் வில்லன் இனத்தின் உரிமை தொடருக்குச் சொந்தமில்லை, அதை முதலில் எழுதியவரின் குடும்பத்திடம் இருக்கிறது. இது புதிதன்று. ‘டாக்டர் ஹூ’வின் வில்லன்களான டாலெக்குகளே, அவற்றை உருவாக்கிய டெரி நேஷனின் வாரிசுகளிடம் தனி அனுமதி வாங்க வேண்டிய சொத்துதான். மூன்றாவது ஏன் விழுந்தது என்று யாரும் சொல்லவில்லை. தேறிய நான்காவதை இருபது பக்கச் சுருக்கமாக விரித்தேன். அத்தியாயம் அத்தியாயமாக, முடிவு உட்பட எல்லாம் அதில் இருக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் என்ன நடக்கும் என்று தெரியாமல் எழுதிப் பார்ப்பதுதான் சுகம் என்பவர்களுக்கு இந்த வேலை ஆகாது.

சுருக்கம் பதிப்பகத்தைத் தாண்டி, தொடரின் உரிமையாளரிடம் உள்ள உரிமைப் பிரிவுக்குப் போகும். அங்கிருந்து குறிப்புகள் வரும். கூடவே எனக்கு ஒரு தடித்த கையேடும் வந்தது. தொடரின் பைபிள் என்பார்கள். கப்பலின் கதவுகள் பக்கவாட்டில்தான் திறக்கும். தளபதி கெட்ட வார்த்தை பேச மாட்டார், ஆனால் கோபம் வந்தால் எதிராளியின் பதவிப் பெயரை முழுதாகச் சொல்வார். மருத்துவர் நோயாளியின் முன் உட்கார மாட்டார். அடுத்த சீசனின் திரைக்கதைகள் சிலவற்றையும் பார்க்கக் கொடுத்தார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே என் பெயர் சாம்பல் நிறத்தில் நீர்க்குறியாக அச்சாகியிருந்தது. வெளியே கசிந்தால் யாரிடமிருந்து என்று தெரியவேண்டுமாம். என் பெயரை அவ்வளவு பெரிதாக அச்சில் பார்த்தது அதுதான் முதல் தடவை. நாவலின் அட்டையில் அதில் கால்வாசிகூட இல்லை.

கதையில் தலைமைப் பொறியாளராக வரும் பெண்ணுக்கு ஓர் அக்காவை வைத்திருந்தேன். தொலைதூரக் கிரகத்தில் நீதிபதி. இருவருக்கும் பல ஆண்டுப் பகை. அந்தச் சண்டைதான் என் நாவலின் முதுகெலும்பு. குறிப்பு வந்தது, இரண்டே சொல்லில்: “அக்கா வேண்டாம்.” காரணம் இல்லை. பதிப்பாசிரியரிடம் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை, கேட்கவும் கூடாது என்றார். மாமியாரின் சமையலறையில் சமைக்கிற மருமகளாக நான் அன்றைக்கு உணர்ந்தேன்: எந்த டப்பாவை எடுக்கக் கூடாது என்று மட்டும் சொல்வார்கள், அதில் என்ன இருக்கிறது என்று சொல்ல மாட்டார்கள். ஒரு வாரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்துவிட்டு, அக்காவை அவளுடைய பழைய கணித ஆசிரியையாக மாற்றினேன். “நீ சின்ன வயதிலிருந்தே இப்படித்தான்” என்று அக்கா சொல்வதாக இருந்த இடத்தில் ஆசிரியை, “உன் கணக்கு சரி. நீ எடுத்த முடிவுதான் தவறு” என்கிறாள். காட்சி முன்னைவிடக் கூர்மையாகிவிட்டது. அடுத்த சீசனின் நடுவில் விடை கிடைத்தது. அந்தப் பெண் குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் முழுவதையும் இழந்தவள் என்று ஒரு எபிசோடு சொன்னது. எனக்குக் காட்டிய திரைக்கதைகளில் அது இல்லை.

எழுதக் கிடைத்த அவகாசம் குறைவு. பகலில் அலுவலகம், இரவில் விண்கலம். பாத்திரங்களின் குரல் பிடிபடாமல் முதலில் தடுமாறியதும் உண்டு. அதற்கு நான் கண்ட வழி, எபிசோடை ஓடவிட்டுத் திரையைப் பார்க்காமல் பாத்திரம் கழுவுவது. முகம் போனால் பேச்சின் தாளம் தெளிவாகக் கேட்கிறது. தளபதியாக நடிப்பவர் வாக்கியத்தை முடிப்பதே இல்லை. வினைச்சொல்லுக்கு முன்பே நிறுத்திவிட்டு அடுத்தவரைப் பார்க்கிறார். அவர் பேச்சை முழு வாக்கியங்களாக நான் எழுதிய இடங்களையெல்லாம் உரிமைப் பிரிவின் வாசகர் ஓரத்தில் கோடிட்டு, “இவர் இவ்வளவு பேச மாட்டார்” என்று குறித்திருந்தார். யார் என்று தெரியாத அந்த ஆள் மேல் எனக்குப் பெரும் மரியாதை. ஒரு விண்கலப் படையே மோதும் அத்தியாயத்துக்கு எதிரே அவர் எழுதியது: “இது தாழ்வாரத்தில் இருவர் சண்டை போடும் தொடர். தாழ்வாரத்துக்குத் திரும்புங்கள்.” திரும்பினேன். அத்தியாயம் பாதியாகச் சுருங்கியது.

நாவல் முடியும்போது எல்லோரும் பழைய இடத்தில் பழையபடி நிற்க வேண்டும் என்பது இன்னொரு விதி. யாரும் சாகக் கூடாது, திருமணம் செய்யக் கூடாது, பெரிதாக மனம் மாறவும் கூடாது. இதை எல்லோரும் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாற்றமெல்லாம் விருந்தாளிப் பாத்திரங்களுக்கு வைக்கலாம். அந்த ஆசிரியையைக் கடைசியில் நான் கொன்றேன், ஒருவரும் தடுக்கவில்லை. அட்டைப்படமோ நான் மூன்றாவது அத்தியாயத்தில் இருக்கும்போதே தயாராகிவிட்டது. அதில் எரியும் ஒரு நிலா இருந்தது. என் கதையில் நிலா இல்லை. எழுதிச் சேர்த்தேன்.

பணத்துக்கு வருகிறேன். ஒப்பந்தம் கையெழுத்தானதும் பாதி, கைப்பிரதி ஏற்கப்பட்டதும் பாதி, மொத்தமாக ஒரு தொகை. லண்டனில் அதை வைத்துச் சில மாதம் வாடகை கட்டலாம். பதிப்புரிமை முழுவதும் உரிமையாளருக்கு. நான் உருவாக்கிய ஆசிரியையும் அவர்களுக்கே. நாளைக்கு அவளை உயிர்ப்பித்துத் திரையில் காட்டினாலும் எனக்கு ஒரு பென்னி கிடையாது. எனக்கு ராயல்டியும் இல்லை. சிலருக்கு உண்டு, ஆனால் அதிலும் சிக்கல்கள் வரும். ‘ஸ்டார் வார்ஸ்’ முதல் படத்தின் நாவலை 1976-இல் ஜார்ஜ் லூகாஸின் பெயரில் எழுதிக்கொடுத்தவர் ஆலன் டீன் ஃபாஸ்டர். தனக்கு வரவேண்டிய ராயல்டி வரவில்லை என்று 2020-இல் டிஸ்னிக்கு எதிராக அவர் பேச, அமெரிக்க அறிவியல் புனைவு எழுத்தாளர் சங்கம் அவருக்காகக் களத்தில் இறங்கியது. நிறுவனம் கைமாறும்போது உரிமை மட்டும் போகுமா, கடமையும் சேர்ந்து போகுமா என்பதுதான் அங்கே கேள்வி. அவர் விவகாரம் பிறகு தீர்ந்தது. ஒப்பந்தம் வரும்போது அந்த ஒரு விதியை மட்டுமாவது வழக்கறிஞரிடமோ முகவரிடமோ காட்டிவிடுங்கள்.

பிரிட்டனில் ஒரு நல்லது உண்டு. நூலகங்களில் புத்தகம் இரவல் போகும்போது எழுத்தாளருக்குச் சில பென்ஸ் கொடுக்க 1979-இலேயே சட்டம் போட்டார்கள். முதல் பட்டுவாடா 1984-இல். ஓராண்டில் ஓர் எழுத்தாளருக்கு அதிகபட்சம் 6,600 பவுண்டு. இதற்குப் பதிப்புரிமை உங்களிடம் இருக்க வேண்டியதில்லை. தலைப்புப் பக்கத்தில் பெயர் இருந்தால் போதும், பதிவு செய்யலாம். டை-இன் நாவல்களை நூலகத்தில் பிள்ளைகளும் ஓய்வுபெற்றவர்களும் விடாமல் எடுக்கிறார்கள். என் சொந்தக் கதைத் தொகுப்பு இந்த இரவல் கணக்கில் காட்டும் தொகையில் ஒரு தேநீர் வாங்கலாம், பிஸ்கட் இல்லாமல். விண்கலத்தின் தொகையில் ஊருக்கு ஒரு டிக்கெட்டுக்குப் பாதி வருகிறது.

டை-இன் எழுத்தாளர்களுக்கென்று ஒரு சங்கமும் இருக்கிறது. லீ கோல்ட்பர்க், மேக்ஸ் ஆலன் காலின்ஸ் இருவரும் தொடங்கியது. ஸ்கிரைப் என்ற பெயரில் ஆண்டுதோறும் விருது கொடுக்கிறது. என் நாவல் எந்தப் பட்டியலிலும் வரவில்லை. வாசகர்கள் எழுதியவற்றில் பாதி, கப்பலின் எந்தத் தளத்தில் எந்த அறை என்பது பற்றி. அவர்கள் சொன்ன தளம் கையேட்டில் இருந்த தளத்தோடு பொருந்தவில்லை, கையேட்டையே நம்பினேன். ஆசிரியையின் மரணத்தைப் படித்துவிட்டுத் தன் பள்ளி ஆசிரியரைத் தேடிப் போனதாக ஒருவர் எழுதியிருந்தார். அம்மாவுக்குப் பிரதி அனுப்பினேன். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “உன் பெயர் எங்கே கண்ணு?” என்று தொலைபேசியில் கேட்டார். கீழே, வலப்பக்க மூலையில், நிலாவுக்குப் பக்கத்தில் என்றேன்.

இரண்டாவது நாவலுக்கு அதே பதிப்பாசிரியர் போன மாதம் கேட்டார். நாளும் பக்கமும் முதலிலேயே பேசிவிட்டோம். இப்போது எனக்கு முகவர் ஒருவர் இருக்கிறார். ஒலிப்புத்தகத்துக்குத் தனித் தொகை கேட்டு வாங்கித் தந்திருக்கிறார். சுருக்கம் உரிமைப் பிரிவுக்குப் போயிருக்கிறது. இந்த முறை யாருக்கும் அக்கா வைக்கவில்லை. ஒரு தாய்மாமன் இருக்கிறார், பார்ப்போம்.